காதுக்குள் ஓடும் தறி

ஓடக்காட்டு வீதியில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைக் கொஞ்சுவதானாலும் கத்தித்தான் கொஞ்ச வேண்டும், பெண் கேட்டு வந்தவர்களிடம் சம்மதம் சொல்வதானாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும், சாகக் கிடக்கிற மனிதரிடம் மன்னிப்புக் கேட்பதானாலும் அவர் காதுக்குள் வாயை வைத்துக் கத்தித்தான் கேட்க வேண்டும், அப்போதும் பாதிதான் கேட்கும். வீட்டுக்கு வீடு விசைத்தறி. விடிந்தாலும் ஓடும், பொழுது அடைந்தாலும் ஓடும். வார விடுமுறைக்குத் தறியை நிறுத்தினால் சத்தம் நிற்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். நிற்காது. வெளியே நின்ற தறி காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். முடி இறக்கப் பழனிக்குப் போனாலும் கூடவே வந்து மலையேறும், தண்டபாணி சந்நிதியிலும் நின்று தொலைக்காது.

அதனால் அந்தத் தெருவில் பாதிப் பேச்சு கையால்தான். இரண்டு விரலைக் கத்தரி போல வெட்டிக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரலை உதட்டருகே கொண்டுபோனால் டீ வந்துவிட்டது. உள்ளங்கையை இடமும் வலமுமாக இரண்டு தரம் வீசிக் காட்டினால் ஓடுகிறது, பழுதில்லை, நீ உன் வேலையைப் பார்.

அந்தத் தெருவின் கடைசியில், ஒற்றை அறை வீட்டில், மயிலாத்தாள் என்கிற பாவு பிணைக்கிற பெண் தனியாக இருந்தாள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. ஒரு பாவு தீர்ந்ததும் அதன் நூல் முனைகளோடு புதுப் பாவின் முனைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திரித்து ஒட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான முனைகள். காலையில் குனிந்தால் பொழுது சாயத்தான் நிமிரலாம். தறி நின்றிருக்கிற வரைக்கும்தான் அவளைத் தேடுவார்கள், ஓட ஆரம்பித்ததும் அவள் அங்கே வேண்டாத ஆள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்தவள், வந்த கொஞ்ச காலத்தில் அப்பனையும் ஆத்தாளையும் அடுத்தடுத்துத் தூக்கிக் கொடுத்தவள். அதற்கப்புறம் சீருக்கும் சடங்குக்கும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. விரோதம் ஒன்றுமில்லை. கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒரு தறிப்பட்டறை வாசலில் கழிவு நூலைக் குவித்து வைத்திருந்த குப்பைக்குள்ளிருந்து அவள் அந்த நாய்க்குட்டியை எடுத்தாள். சிவப்பும் பச்சையுமாக நூல் சுற்றிக்கொண்டு, எந்தப் பக்கம் தலை எந்தப் பக்கம் வால் என்று தெரியாமல் கிடந்தது. நூலைப் பிரித்தெடுக்கிற பொறுமை அந்த ஊரிலேயே அவளுக்குத்தான் உண்டு. பிரித்து முடித்ததும் குட்டி வீட்டின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கும் அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கும் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. தறியில் அப்படி அங்குமிங்கும் பாய்கிற மரக்கட்டைக்கு நாடா என்று பெயர். குட்டிக்கும் அதே பெயர் ஆயிற்று. அந்த ஒரு வருஷம் மயிலாத்தாள் வேலை முடிந்து வேகமாக வீட்டுக்கு நடந்தாள். அதுவரை அவள் வேகமாக வீட்டுக்கு நடந்ததே இல்லை.

வருஷம் திரும்புகிற சமயத்தில் ஒரு மத்தியானம், அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது நாடா அண்ணாந்து எதையோ பார்த்தது, வாயை மென்றது, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து நான்கு கால்களையும் உதற ஆரம்பித்தது. அந்தக் கணமே ஓடக்காட்டு வீதியில் சத்தம் நின்றது.

தறி நிற்கவில்லை. நாடாக்கட்டை பறந்துகொண்டுதான் இருந்தது, துணி இறங்கிக்கொண்டுதான் இருந்தது, மோட்டார் சுற்றியது, பெல்ட்டு அதிர்ந்தது. சத்தத்தை மட்டும் காணோம். வெளியே ஓடுகிற சத்தமும் போய், காதுக்குள் ஓடுகிற சத்தமும் போயிருந்தது. எதிர்வீட்டுக் கலாமணி, “ஐயோ, என்ற காது போச்சே!” என்று அலறினாள், அலறியது அவளுக்கே தெளிவாகக் கேட்கவும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள். டீக்கடையில் பால் பொங்குகிற சத்தத்தைக் கேட்டு, பாம்பு என்று நினைத்து நான்கு பேர் பெஞ்சின் மேல் ஏறினார்கள். கொஞ்ச நேரம்தான். நாடாவின் கால்கள் ஓய்ந்ததும் மொத்த இரைச்சலும் கூரை சரிந்த மாதிரி மறுபடி வந்து விழுந்தது.

இரண்டாம் தரம் வந்தபோது சந்தேகப்பட்டார்கள். மூன்றாம் தரம் ஆள் ஓடிவந்து எட்டிப் பார்த்து, நாய் கீழே கிடக்கிறது, அதுதான் என்று சொல்லிவிட்டுப் போனான். நாய் சத்தத்தை விழுங்குகிறது, விழுங்கிய சத்தம் உள்ளே நின்று உதைக்கிறது, அதனால் துடிக்கிறது என்று முடிவாயிற்று. இதில் ஆச்சரியப்பட அவர்களுக்கு ஒன்றுமில்லை. இத்தனை காலம் தாங்கள் விழுங்கியதைத்தானே இப்போது நாய் விழுங்குகிறது. கலாமணி தறிமேடையிலிருந்து ஒரு திருப்புளியைக் கொண்டுவந்து நாடாவின் காலடியில் வைத்தாள். வலிப்புக்கு இரும்பு வைக்க வேண்டும் என்பார்கள். தெருவே இரும்பாகக் கிடக்கிற இடத்தில் ஒரு திருப்புளி என்ன செய்யும் என்று அவள் யோசிக்கவில்லை.

அதன் பிறகு ஜனங்கள் பேச்சைச் சேர்த்து வைக்கத் தொடங்கினார்கள். சத்தமாகச் சொல்ல முடியாதவை எல்லோரிடமும் இருந்தன. சத்தம் நின்றதும் அவரவர் ஓடிப்போய் அவரவருக்கு வேண்டிய ஆளைத் தேடினார்கள். தறி ஓட்டுகிற ராமசாமி தன் பெண்டாட்டிக்குப் பாட வரும் என்பதைக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டார், அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் செய்தார். பேசாமலிருந்த அண்ணன் தம்பிகள், இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தோம், இருவருக்கும்தான் கேட்கவில்லை என்று கண்டுபிடித்தார்கள். ஒரு பையன் ஒரு பெண்ணிடம் மெதுவாக ஒன்றைச் சொன்னான், அவள் மெதுவாக முடியாது என்றாள், அதுவும்கூட அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது. நாய் விழுந்த நேரத்தில் யாரும் சண்டை பிடிக்கக் கூடாது என்று தெருவில் பேசிக் கட்டுப்பாடு வைத்தார்கள். குளிக்கப் போயிருந்தபோது வந்துவிட்டது, சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியவில்லை என்று ஒருத்தி வந்து மயிலாத்தாளிடம் குறைப்பட்டாள்.

ஆம், எல்லோரும் இப்போது மயிலாத்தாள் வீட்டுக்கு வந்தார்கள். கலாமணி குழம்பு கொண்டுவந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டார்கள், கேட்டுவிட்டு ஓரக்கண்ணால் நாயைப் பார்த்து, “இன்னைக்கு வருமாட்ட இருக்குதா?” என்று கேட்டார்கள். வாசலில் செருப்புகள் கிடந்தன. அந்த வாசலில் ஒரு ஜோடிக்கு மேல் செருப்பு கிடந்து எவ்வளவோ காலம் ஆயிற்று.

ஆனால் சத்தம் நின்ற நேரத்தில் மயிலாத்தாளுக்குப் பேசக் கை ஒழிந்ததில்லை. தெரு முழுக்கக் காதோடு காதாக என்னென்னவோ பேசிக்கொண்டிருக்க, அவள் தரையில் உட்கார்ந்து நாடாவின் தலை சிமெண்ட்டில் மோதாமல் தன் சேலை முந்தானையைச் சுருட்டி அடியில் கொடுத்துக்கொண்டிருப்பாள். பல் பல்லோடு அரைபடுகிறதும் நகம் தரையைப் பிறாண்டுகிறதும் அவளுக்குக் கேட்கும். அவளுக்குக் கிடைத்த நிசப்தம் அதுதான். எல்லாம் ஓய்ந்த பிறகு இன்னும் மோசம். நாடா எழுந்து தள்ளாடும், சுவரில் முட்டும், கூப்பிட்டால் வராது. அவளைப் பார்த்து, யாரம்மா நீ என்கிற மாதிரி விலகிப் போகும். உலகத்தில் அவளைத் தெரிந்த ஒரே ஜீவன் அது. கொஞ்ச நேரம் அதற்கும் அவள் யாரோ ஆகிவிடுவாள். அந்த நேரத்தில் அவள் சுவரோரம் உட்கார்ந்து, தன்னை அதற்கு ஞாபகம் வருகிற வரைக்கும் காத்திருப்பாள்.

ஒருநாள் ஒரே பகலில் மூன்று தரம் வந்தது. தெரு திருவிழா மாதிரி இருந்தது. மறுநாள் மயிலாத்தாள் நாடாவை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஈரோட்டுக்குப் போனாள்.

கால்நடை மருத்துவர் ஹேமலதா சின்ன வயசுக்காரி. ரத்தம் எடுத்தாள், கண்ணில் விளக்கடித்தாள், காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

“இது வலிப்பு நோய்மா. மூளைல கட்டி, காயம் இருக்கற மாதிரி அறிகுறி எதுவும் தெரியல. சில நாய்களுக்குக் காரணமே இல்லாம இந்த வயசுலதான் ஆரம்பிக்கும்.”

“எப்பங்க செரியாகும்?”

மருத்துவர் நாடாவின் தலையைத் தடவினாள். “ஆகாதும்மா. கட்டுக்குள்ள வெச்சுக்கலாம். காலைல ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை, அது இருக்கற வரைக்கும். நல்லா ஆயிடுச்சேன்னு மட்டும் நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்தினா நிக்காம வரும், உயிருக்கே ஆபத்து.” நிற்காமல் வந்தால் பின்பக்கம் ஏற்றச் சொல்லி ஒரு மருந்துக் குழாயும் கொடுத்தாள்.

“இதுக்கு வலிக்குங்களா?”

“அதுக்கு அந்த நேரம் ஒண்ணும் தெரியாது. பார்க்கறவங்களுக்குத்தான்.”

பார்ப்பது தான் ஒருத்தி மட்டுமாக இருக்க, பார்க்கிறவர்கள் என்று பன்மையில் சொன்னாளே என்று திரும்பி வரும் வழியெல்லாம் மயிலாத்தாள் நினைத்துக்கொண்டு வந்தாள். காரணமாவது ஒன்று இருந்திருந்தால் அதைத் திட்டியிருக்கலாம்.

வாழைப்பழத் துண்டுக்குள் மாத்திரையை வைத்துக் கொடுத்தாள். முதல் சில நாட்கள் நாடா குடித்தவனைப் போலத் தூங்கித் தூங்கி விழுந்தது, பிறகு தெளிந்தது, பிறகு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஓடியது. வலிப்பு வரவில்லை. சத்தமும் நிற்கவில்லை. தெரு காத்திருந்து பார்த்தது. கலாமணியின் குழம்புக் கிண்ணம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, வாரம் ஒருநாள் வந்தது, வராமல் போனது. வாசலில் மறுபடி ஒரு ஜோடிச் செருப்பு. நாய் நன்றாக இருக்கிறதா என்று கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றதும் முகம் வாடினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இனிப்பு ருசி கண்டவர்கள், அவ்வளவுதான்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் கலாமணி வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை, பூ கொண்டுவந்தாள். மயிலாத்தாளை உட்கார வைத்துத் தலை சீவிவிட்டாள். அவள் தலையில் வேறொருவர் கை பட்டு எவ்வளவு காலம் ஆயிற்றோ, மயிலாத்தாளுக்குக் கழுத்தெல்லாம் கூசியது.

கலாமணி அவள் காதருகே குனிந்து, வழக்கம் போலக் கத்தினாள். “ஏம்புள்ள மயிலா, என்ற மக கொழந்தைய எடுத்துக்கிட்டு நாளைக்கு வர்றா. பொறந்து மொதத் தடவ வருது. அது இப்ப ‘ஙே ஙே’ன்னு பேசுதாமா.”

“சந்தோசங்க்கா.”

“உங்கண்ணனுக்குக் காது சுத்தமாப் போயிரும்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. காதுக்குள்ள ஓடற தறிதான் கேக்குது அவருக்கு, வேறொண்ணும் கேக்கறதில்ல. நம்ம நாடா விழுந்தா மட்டுந்தான் அதும் நிக்குது. ஒரே ஒருக்கா பேத்தி சத்தத்தக் கேட்டுட்டாப் போதும்ங்கறாரு.”

கலாமணியின் புருஷன் செங்கோடன் நல்ல மனிதர். தறி ஓட்டியே காதைக் கொடுத்தவர். கலாமணி பூவை எடுத்து மயிலாத்தாள் தலையில் வைத்துவிட்டாள்.

“ஒரே ஒரு நாளைக்கு மாத்திர குடுக்காம உட்டா என்னாயிரப் போகுது? நீயும் வந்துரு. எங்களோட உக்காந்து சாப்புடு. நீயும் ஊட்டுப் பொண்ணாட்டந்தான?”

முடியாது என்று சொல்லத்தான் மயிலாத்தாள் வாயைத் திறந்தாள். ஆனால் ‘ஊட்டுப் பொண்ணாட்டம்’ என்கிற வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்று சாயங்காலம் வாழைப்பழத்தை உரித்துத் துண்டுபோட்டாள், மாத்திரையைக் கையில் எடுத்தாள், மறுபடி டப்பாவிலேயே போட்டாள். நாடா வெறும் பழத்தைத் தின்றுவிட்டு வாலை ஆட்டியது. விடிந்ததும் அதே மாதிரி செய்தாள்.

மத்தியானம் கலாமணி வீட்டில் இலை போட்டார்கள். மயிலாத்தாள் இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். பருப்பு விழுந்தது, நெய் விழுந்தது, அவள் முதல் வாய் எடுக்கக் கையை வைத்தபோது சத்தம் நின்றது.

எல்லோரும் குழந்தையின் பக்கம் திரும்பினார்கள். அவள் எழுந்து ஓடியதை யாரும் பார்க்கவில்லை.

நாடா கதவோரம் கிடந்தது. இதுவரை வந்தது மாதிரி இல்லை இது. ஓய்வதும், ஓய்ந்து மூச்சு வாங்குவதற்குள் மறுபடி தொடங்குவதுமாக, அலைமேல் அலை போல வந்துகொண்டே இருந்தது, நடுவில் அதற்கு நினைவு திரும்பவில்லை. மயிலாத்தாள் குழாய் மருந்தை ஏற்றினாள். மருத்துவருக்குப் போன் போட்டாள், உடனே வண்டி பிடித்து வரச் சொன்னாள் மருத்துவர், ஆட்டோக்காரனுக்குப் போன் போட்டாள், அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சவாரியில் இருந்தான், வருகிறேன் என்றான். பிறகு செய்ய ஒன்றுமில்லை. முந்தானையைச் சுருட்டித் தலைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த நிசப்தத்தில் தெரு முழுவதும் அவளுக்குக் கேட்டது.

குழந்தையின் ‘ஙே’ கேட்டது. செங்கோடன் தேம்பி அழுவது கேட்டது. மற்ற வீடுகளில், இன்றைக்கு நெடுநேரம் நிற்கிறதே என்ற சந்தோஷத்தில் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசினார்கள். இனிமையானவை சீக்கிரம் தீர்ந்துபோயின. நிசப்தம் தீரவில்லை. பேசாமல் இருக்கவும் அவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே அடியில் கிடந்ததை எடுத்தார்கள். எனக்கு உன்னைக் கட்டிக்கொள்ள இஷ்டமே இருந்ததில்லை என்றாள் ஒருத்தி புருஷனிடம். ஆத்தா செத்த அன்றைக்கு நீ சிரித்தாய் என்றான் தம்பி, அண்ணனிடம். பிறகு எதிர்வீட்டிலிருந்து கலாமணி தன் மகளிடம் மெதுவாகச் சொன்னதும் கேட்டது, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது போல அத்தனை தெளிவாக.

“மாத்திர குடுக்க வேண்டாம்னு நாந்தான் சொன்னேன். பாவம், ஒரு வாய் சோறு போடறேன்னதும் ஒத்துக்கிட்டா.”

மயிலாத்தாள் நாடாவைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. உண்மைதானே என்று தோன்றியது, அதுதான் தாங்கவில்லை. “என்ற சாமி, உன்னைய ஒரு வாய் சோத்துக்கு வித்துப்போட்டனே” என்று சொல்லி அழுதாள். அதையும் தெரு முழுவதும் கேட்டது.

முதலில் வந்தவர் செங்கோடன். அவர் பின்னால் கலாமணி, அவள் பின்னால் ஒவ்வொருவராகத் தெருவே வந்து வாசலை அடைத்து நின்றது. இத்தனை நாளும் அவர்கள் சத்தம் நின்றதும் ஆளுக்கொரு பக்கம் ஓடியவர்கள். நாய் விழுந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் உண்டு, கடைசிவரை நின்று பார்த்தவர்கள் இல்லை. இப்போது பார்த்தார்கள். நுரை தள்ளுவதை, கண் செருகுவதை, கால்கள் எங்கேயும் போகாமல் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்தார்கள். கலாமணி தான் வைத்த திருப்புளி அதே மூலையில் கிடப்பதைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

செங்கோடன் நிமிர்ந்தார். “தறிய நிறுத்துங்கடா” என்றார். “சத்தத்தத் தின்னுதான இது சாகுது? திங்கறதுக்கு இல்லாமப் பண்ணுங்க. எல்லாத்தையும் நிறுத்துங்க!”

தறிக்காரர்களுக்கு எந்தப் பழுதுக்கும் தெரிந்த முதல் வைத்தியம் அது ஒன்றுதான். ஓடினார்கள். வீடு வீடாக மோட்டாரை அணைத்தார்கள். நாடாக்கட்டைகள் பாவுக்கு நடுவில் அப்படியே நின்றன. ஏற்கெனவே சத்தமில்லாமல் இருந்த தெருவில் இப்போது அசைவும் இல்லாமல் போயிற்று. எல்லோரும் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள்.

உதறல் குறைந்தது. பின்னங்கால் ஒரு தரம் நீண்டது. பிறகு நாடா அசையவில்லை.

மயிலாத்தாளின் கை அதன் விலாவின் மேல் இருந்தது. அவள் கையே நடுங்கிக்கொண்டிருந்ததால், துடிப்பது நெஞ்சா கையா என்று அவளுக்குத் தெரியவில்லை. போய்விட்டதா, அடங்கியிருக்கிறதா என்று சொல்ல யாராலும் முடியவில்லை. அத்தனை ஜனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அப்போது செங்கோடன் தலையைச் சாய்த்தார். சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டு ஆட்டினார், எடுத்தார். அவர் முகம் கோணியது. அழப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“ஓடுது” என்று கத்தினார். “மயிலா, என்ற காதுல ஓடுதும்மா! தறி ஓடுது!”

தெருவிலேயே பெரிய இரைச்சல் அவர் காதில்தான் இருந்தது, அதனால் அவருக்குத்தான் அது முதலில் திரும்பி வந்தது. பிறகு கலாமணிக்கு வந்தது, பிறகு ராமசாமிக்கு, பிறகு ஒவ்வொருவராகக் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். நாய் விழுங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கடைசியில் மயிலாத்தாளின் காதுக்குள்ளும் ஓடத் தொடங்கியது, அவள் கைக்கடியில் விலா ஒரு தரம் எழும்பி இறங்கியது. மருந்தா, தறி நின்றதா, எது காப்பாற்றியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வாசலில் நின்ற கலாமணியின் மகள் இடுப்பில் குழந்தை வாயைத் திறந்து என்னவோ சொன்னது. செங்கோடன் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கேட்கவில்லை.

நாடா பிழைத்துக்கொண்டது. ஈரோட்டில் சில நாள் இருந்துவிட்டு வந்தது. இடப்பக்கம் திரும்பும்போது இன்றைக்கும் பின்னங்கால் ஒருமுறை வழுக்கும். மயிலாத்தாளைக் கண்டுகொள்ள அதற்கு வெகுநேரம் பிடித்தது, ஆனாலும் கண்டுகொண்டது. அதன் பிறகு ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை, அந்தத் தெருவில் சத்தமும் நிற்கவில்லை.

யாரும் வரவில்லை. அன்றைக்கு மெதுவாக ஒருவர் சொன்னதையெல்லாம் மற்றவர்கள் கேட்டுவிட்டார்கள், இனி அவர்களுக்கு இரைச்சலே சௌகரியமாக இருந்தது. கலாமணி அவளை எதிரே பார்த்தால் குடத்தை மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். மயிலாத்தாள் பாவு பிணைக்கப் போனாள், நின்ற தறிகளை ஓட வைத்தாள், வேகமாக வீட்டுக்கு நடந்தாள். முன்பு அவளுக்கு அந்த இரைச்சல் வெறும் இரைச்சல். இப்போது குனிந்து நூல் திரிக்கிற இடத்திலும் அவள் காது அதிலேயே இருந்தது. அது கேட்கிற வரைக்கும் வீட்டில் நாடா நன்றாக இருக்கிறது.

கரண்ட்டு போகும்போதுதான் கஷ்டம். தெருவின் தறிகள் எல்லாம் ஒரேயடியாக நிற்கும்போது அவள் உடம்பு ஒரு தரம் தூக்கிவாரிப் போடும். ஒருநாள் சாயங்காலமும் அப்படித்தான் கரண்ட்டு போயிற்று. வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள் தன் காதுக்குள் தறி ஓடுகிறதா என்று கேட்பதற்குப் பதில் பதறிப்போய் நாடாவின் விலாவில் கையை வைத்தாள். நாடா தூக்கம் கலைந்து அவளை அண்ணாந்து பார்த்தது. எதிர்வாசலுக்குச் செங்கோடன் வந்தார். கரண்ட்டு போகிறபோதெல்லாம் அவர் வருவார். தலையைச் சாய்த்து, தன் காதுக்குள் கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டார். பிறகு தெருவுக்குக் குறுக்கே அவளைப் பார்த்து, உள்ளங்கையை இடமும் வலமுமாக இரண்டு தரம் வீசினார்.

ஓடுகிறது.

மயிலாத்தாளும் கையைத் தூக்கி வீசிக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அன்று முழுக்க அவளிடம் ஒருவர் பேசிய பேச்சு அதுதான். போதாது என்று அவளுக்குத் தெரியும். எழுந்து வாழைப்பழத்தை உரித்து, துண்டுபோட்டு, மாத்திரையை உள்ளே வைத்து அழுத்தினாள். நாடா வாலை ஆட்டிக்கொண்டு வந்து, இடப்பக்கம் திரும்பும்போது வழுக்கி, சமாளித்து, அவள் கையிலிருந்து தின்றது. கரண்ட்டு வந்தது. தெரு முழுக்கத் தறிகள் பிடித்துக்கொண்டு ஓட, அவள் நாயின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அந்த இரைச்சலை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.